ஆறாவது கணு

போன மாதம் முத்தாயியின் சாவுக்குத் தோ பாயோ பேட்டைக்குப் போயிருந்தேன். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, யாரென்று தெரியாது, பாசமாகத்தான் சொன்னாள்: "பாவம் லா அவங்க. ஸ்கூல் பக்கமே போகல. ஒண்ணு ரெண்டுகூட ஒழுங்கா தெரியாது. ஆனா அத்தனை வருஷம் பூக்கடை நடத்திட்டாங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுபத்தேழு வயதில் இப்படிக் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை நான் எப்போது கேட்டேன்? எழுந்து வந்துவிட்டேன்.

முத்தாயிக்குத் தெரிந்த கணக்கு சிராங்கூன் ரோட்டில் எந்த வாத்தியாருக்கும் தெரியாது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்ததோடு நிற்காமல் அதைக் கெடுத்தவளும் நான்தான். முத்தாயி என்னோடு பேசி நாற்பது வருஷம் ஆகிறது. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை. எனவே நான் எழுதி வைக்கிறேன். என் பெயர் தங்கம்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்பு வைத்த ஏழு அறைகள் இருந்தன. ஒன்றில் நானும், காலில் புண் வந்து படுத்துவிட்ட என் புருஷனும், இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். அடுத்த அறையில் முத்தாயி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பதினொரு வயதில் அப்பாவோடு கப்பலேறி வந்தவள். அப்பா ரோடு போடும் வேலையில் செத்துப்போனார். அவள் கோயில் பக்கம் பூக் கட்டிப் பிழைத்தாள். பிறகு மருதப்பனைக் கட்டிக்கொண்டாள். மருதப்பன் நகராட்சியில் சாக்கடை வேலை பார்த்தவர், அதிகம் பேசாத நல்ல மனிதர். கல்யாணத்தன்று அவர் மனைவிக்குத் தந்தது தாலி மட்டும் இல்லை, தாயில்லாத தன் தங்கச்சியையும்தான். அந்தத் தங்கச்சிதான் சந்திரமதி.

சந்திரமதிக்கு எண் ஒட்டாது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருக்கிறதாம், தனி டீச்சர்கூட இருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் ஒரே பெயர்தான், மக்கு. ஒன்பதை ஆறு என்பாள். பன்னிரண்டை எழுதச் சொன்னால் இருபத்தொன்று எழுதுவாள். கடிகாரம் பார்க்கத் தெரியாது, இடது வலது தெரியாது. சண்டைக்கு முன்னால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் ஒரே வகுப்பில் இருந்தாள். வாத்தியார் பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டு, முட்டியில் அடித்து வாய்ப்பாடு சொல்லவைத்தார். அடித்த வலி நினைவிருந்ததே தவிர வாய்ப்பாடு நினைவிருக்கவில்லை. ஆனால் கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லுவாள். ஜப்பான்காரர்கள் வந்து, ஊர்க் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தபோது நாங்கள் எல்லாரும் தடுமாறினோம். அவள் ஒருத்திக்குத்தான் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மருதப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பாதை வேலை, மூன்றே மாதம் என்றார்கள். மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது, ஒரு தகவலும் இல்லை. முத்தாயிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சந்திரமதிக்குப் பதினைந்து.

ஜாலான் புசார் பக்கம் ஜப்பான் ராணுவத்துக்குச் சாக்கு தைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இருபத்து நான்கு பெண்கள். ஆள் எடுப்பது மண்டோர் தங்கராஜு, எங்களை மேய்க்கிற தமிழர். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் என்பது அவர் சட்டம். வேலைக்குச் சேர்ந்தால் கையில் கட்ட முத்திரை குத்திய ஒரு துணிப்பட்டை கொடுப்பார்கள். அந்தப் பட்டை இருந்தால் வாரம் ஒரு முறை அரிசி கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், வயசுப் பெண்ணை ரோட்டில் எந்தச் சிப்பாயும் நிறுத்த மாட்டான். அந்தப் பயத்தில்தான் அப்போது பதினான்கு வயசுப் பிள்ளைகளைக்கூடக் கிடைத்தவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

முத்தாயி அந்த இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சந்திரமதியைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, தான் கிராஞ்சியில் மரவள்ளி போடக் காடு வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தாள். கரிப் புகையில் ஓடும் லாரி விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து தள்ளும். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கேட்டால், "எனக்கென்ன, தோல் தடிச்சவ" என்பாள்.

கொட்டகையில் வேலை கஷ்டமில்லை. காலையில் வரிசைதான் கஷ்டம். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை நிற்க வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் சிப்பாய் பெட்டி மேல் ஏறி நின்று, "பங்கோ!" என்று கத்துவான். ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆளிலிருந்து ஆளுக்கொரு எண்ணாக ஜப்பான் பாஷையில் கத்திக்கொண்டே போக வேண்டும். இச்சி, நி, சான், சி, கோ, ரோக்கு, சிச்சி என்று நிற்காமல் ஓட வேண்டும். எவளாவது தடுமாறினால் அறை. இன்னொரு முறை தடுமாறினால் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிடுவான்.

முதல் நாள் சந்திரமதியின் முறை வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. கண்ணாடிக்காரன் அறைந்தான். அவள் அழவில்லை, காதைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் எப்போதும் ஆறாவது ஆளாக நிற்பது, அவள் எனக்கு அடுத்து ஏழாவது. நான் "ரோக்கு" என்று கத்தியதும் முழங்கையால் ஒரு இடி. இடித்தால் அவள் "சிச்சி" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அது அவளுக்கு வந்தது. ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

எனக்கு அதில் பெருமை. சும்மா சொல்லக் கூடாது, நிறையவே பெருமை. முத்தாயி கிராஞ்சியிலிருந்து கொண்டுவரும் மரவள்ளிக் கிழங்கில் இரண்டு எங்கள் அறைக்கு வரும். "ஒன்னாலதான் தங்கம் அவ நிக்கிறா" என்பாள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

ஆனால் முத்தாயிக்கு அந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லை. "ஒனக்கு ஒரு நாள் காய்ச்சல்னா? முன்னாடி நிக்கிறவ ஒருத்தி வரலன்னா? எல்லாம் ஒண்ணு தள்ளிடுமே. அப்ப அவ சிச்சின்னு சொன்னா அடிதானே?" என்றாள். அவளே கணக்குச் சொல்லித் தரப் போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். வாத்தியார் நான்கு வருஷம் பிரம்பை ஒடித்தும் நடக்காதது, கையெழுத்துப் போடத் தெரியாத இவளால் நடக்கப்போகிறதா?

சாயங்காலம் பின்கட்டில் தண்ணீர்க் குழாயடியில் பாடம் நடக்கும். எல்லாரையும் போலத்தான் முத்தாயியும் ஆரம்பித்தாள். மரவள்ளித் துண்டுகள் ஐந்தை வரிசையாக வைத்தாள். சந்திரமதி ஐந்து என்று சரியாக எண்ணினாள். முத்தாயி துண்டுகளைக் கலைத்துவிட்டு, "இப்போ?" என்றாள். அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணி நான்கு என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முத்தாயி சிரிக்கவில்லை.

"நமக்குத்தான் அது அதே துண்டு, தங்கம். அவளுக்குக் கலைச்சா வேற துண்டு மாதிரி தெரியுது. அவ மேல தப்பு இல்ல" என்றாள்.

துண்டு போயிற்று. சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்த்தாள். அதுவும் போயிற்று. பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் செய்யாமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்குத் தையலில் சந்திரமதியை மிஞ்ச ஆளில்லை. அளவுகோல் இல்லாமல் ஒவ்வொரு தையலும் ஒரே இடைவெளியில் விழும். பேசிக்கொண்டே தைப்பாள், ஒன்றுகூட விட்டுப்போகாது. "எப்படிடீ ஒனக்குத் தெரியுது?" என்று முத்தாயி ஒரு நாள் கேட்டாள். "கை சொல்லுது அண்ணி" என்றாள் சந்திரமதி.

அன்றிலிருந்து முத்தாயி தலையை விட்டுவிட்டாள், கைக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள். நாம் எல்லாரும் விரல் கணுவில் கட்டை விரலை வைத்து எண்ணுகிறவர்கள்தானே. கட்டை விரலை விட்டுவிட்டால் நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. கொட்டகை வரிசையிலும் பன்னிரண்டு பேர். அது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. சுண்டு விரலின் அடிக்கணு இச்சி. நடுக்கணு நி. நுனி சான். மோதிர விரலில் சி, கோ, ரோக்கு. எண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். மனிதர்களின் பெயரை மறக்காத பெண் அவள், கணுவின் பெயரையா மறப்பாள்? வாரத்துக்கு ஒரு பெயர்தான் சொல்லிக்கொடுத்தாள் முத்தாயி. அவசரப்படவே இல்லை.

பிறகு வாளியின் அடியில் தட்டுவாள். ஒரு தட்டுக்குக் கட்டை விரல் ஒரு கணு நகர வேண்டும். தட்டு நின்றதும் விரல் நிற்கும் கணுவின் பெயரை இவள் சொல்ல வேண்டும். "யோசிக்காத. எத்தனைன்னு எண்ணாத. வெரல் எங்க நிக்குதோ அத மட்டும் சொல்லு" என்பாள். மோதிர விரல் நுனியிலிருந்து நடுவிரல் அடிக்கு இறங்கும் இடத்தில் சந்திரமதி எப்போதும் தவறுவாள். அந்த ஓர் இடத்துக்கே ஒரு மாதம் ஆனது. காதைத் தேய்க்க ஆரம்பித்தால் முத்தாயி உடனே வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். அன்றைக்குப் பாடம் முடிந்தது என்று அர்த்தம். கை ஓங்கி நான் பார்த்ததில்லை. நானாக இருந்தால் தினம் இரண்டு வைத்திருப்பேன்.

வீட்டுப்பாடம்கூட உண்டு. கொட்டகைக்கு நடந்து போகும்போது விளக்குக் கம்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணு நகர்த்தி, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். என்னோடு நடந்து வருகையில் தாவணி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வருவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், முத்தாயி குழாயடியில் இருந்த பெண்களை ஆளுக்கொரு எண் கத்தச் சொன்னாள். சந்திரமதியை எட்டாவதாக நிறுத்தினாள். சரியாகச் சொன்னாள். மூன்றாவதாக நிறுத்தினாள், சரி. பதினொன்றாவது, சரி. பெண்கள் கை தட்டினார்கள். முத்தாயியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மருதப்பன் இருந்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே ஒனக்கும் தொந்தரவு இல்ல தங்கம். ஒன்ன நம்பியே எத்தன நாளைக்குக் காலந்தள்றது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பத்துப் பெண்களுக்கு முன்னால் என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து மாதம் முழங்கை தேய இடித்தவள் நான், இப்போது நான் தொந்தரவா? "ஓ, அப்படியா? இனிமே நான் வேண்டாமா? பாத்துக்கலாம்" என்று சொல்லி அவள் நிரப்பி வைத்த வாளியைக் காலால் தட்டிவிட்டு மேலே போனேன்.

மறுநாள் காலை நான் வேண்டுமென்றே இடம் மாறினேன். ஆறாவது இடத்துக்குப் போகாமல் சந்திரமதிக்கு அடுத்த பக்கம் போய் நின்றேன். அவள் ஆறாவது ஆனாள், நான் ஏழாவது. அவள் திரும்பிப் பார்த்தாள். "அக்கா?" என்றாள். நான் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். அவள் தடுமாற வேண்டும், என் அருமை வீட்டில் தெரிய வேண்டும். அதுதான் என் நினைப்பு. ஒரு அறை விழும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"பங்கோ!" என்றான் கண்ணாடிக்காரன். கையில் ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இச்சி. நி. சான். சி. கோ. முந்தானைக்குள் அவள் கட்டை விரல் நகர்வது எனக்குத் தெரிந்தது. "ரோக்கு!" என்றாள் சந்திரமதி. சத்தமாக, தெளிவாக, யாரும் இடிக்காமல். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பெண் வெளியாட்களுக்கு முன்னால் தானாக ஒரு கணக்கைச் சரியாகச் சொன்னாள்.

அடுத்து நான். ஐந்து மாதமாகத் தினமும் ஒரே வார்த்தையைக் கத்திய வாய். "ரோக்கு!" என்றேன்.

தப்பு செய்தது நான்தான். கணக்குத் தெரிந்த நான்.

கண்ணாடிக்காரன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். இரண்டு ரோக்கு கேட்டிருக்கிறது, யார் சொன்னது என்று அவன் பார்க்கவில்லை. இறங்கி வந்து மண்டோரிடம் ஏதோ கத்தினான். தங்கராஜு எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து பிள்ளைக்காரர், நடுங்கிக்கொண்டு நின்றார். நானா அவளா என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. சந்திரமதியைக் காட்டி, தன் நெற்றியில் விரலால் தட்டிக் காண்பித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதேதான் தோன்றியது. மக்கு தடுமாறிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடி எனக்கு, பட்டை போனால் என் பிள்ளைகளுக்கு அரிசி போகும். இப்படிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குப் பயம், அதோடு வெட்கம். மக்குச் சரியாகச் சொல்லி நான் தப்பாகச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"பங்கோ!" என்று மறுபடி கத்தினான். இந்த முறை எங்கள் எதிரிலேயே நின்றான். கோ வந்தது. சந்திரமதி என்னைப் பார்த்தாள். முதலில் சொன்னதைத் தப்பு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? எந்த வார்த்தைக்கு ஐந்து மாதமாக அடி விழவில்லையோ அந்த வார்த்தையைச் சொன்னாள். "சிச்சி."

கையிலிருந்த மூங்கில் கழியால் காதோடு சேர்த்து அடித்தான். விழுந்தவளை மறுபடி அடித்தான். பட்டையை இழுத்துக் கிழித்தான். காதிலிருந்து வந்த ரத்தம் கழுத்தில் இறங்கியது. மூன்றாவது முறை பங்கோ வைத்தபோது ஆறாவது இடத்தில் நான் நின்றேன். சரியாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் முத்தாயி என்னைத் தேடி வந்தாள். முந்தின நாள் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் அவள் மண்டோர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிட்டு வந்திருந்தாள்.

"மண்டோர் ஒரு வழி சொன்னாரு தங்கம். மூணு நாள் கழிச்சு வேற பட்ட தர்றேங்கிறாரு. அந்தக் கண்ணாடிக்காரனுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதானாம். ஆனா நம்பர் தப்பாச் சொல்லாத ஆளுதான் வரணுமாம். அவளால முடியும்னா அவ வரலாம், இல்லன்னா நான் வரணும், அவ எனக்குப் பதிலா கிராஞ்சிக்குப் போகணும், அங்க ஆள் கொறையக் கூடாதாம்." நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அவகிட்ட கேட்டா, கை தப்பாச் சொல்லிருச்சுன்னு மட்டும் சொல்றா. நீ பக்கத்துல நின்னியே. நெசத்த சொல்லு. மொத தடவ என்ன சொன்னா?"

கிராஞ்சி என்றால் என்ன என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். லாரிக்குக் கரிகூடக் கிடைக்காமல் ஆட்களை அங்கேயே அத்தாப்பு ஓலைக் குடிசையில் தங்க வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த வாரம்தான் வந்திருந்தது. கொசு. மருந்து கிடையாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"தப்பாத்தான் சொன்னா" என்றேன்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

முத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தான் சரியாச் சொல்லிக்குடுக்கல" என்றாள். என் மேல் சந்தேகமே படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால், என் கையைப் பிடித்து உலுக்கி இன்னொரு முறை கேட்டிருந்தால், சொல்லியிருப்பேனோ என்னவோ.

நான்காம் நாள் விடியற்காலையில் லாரி வந்து நின்றது. ஓட்டுபவர் அப்துல் அலீம், முத்தாயிக்குத் தெரிந்தவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அங்கே யாரும் எண் கேட்க மாட்டார்கள், தலையை அவர்களே எண்ணிக்கொள்வார்கள் என்று முத்தாயி அவளுக்குத் தைரியம் சொன்னாள். காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. லாரியில் ஏறும் முன் சந்திரமதி என் பக்கம் வந்தாள்.

"அக்கா, நான் மொதல்ல ரோக்குன்னு சொன்னேனே. அது தப்பா?"

முத்தாயி பத்தடி தள்ளி அப்துல் அலீமிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு? நேரமாச்சு, ஏறு" என்றேன். ஏறிக்கொண்டாள். முந்தானைக்குள் கை இல்லை. இரண்டு கையாலும் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து லாரி தினமும் வருவது நின்றது. ஆட்கள் அங்கேயே தங்கினார்கள். முத்தாயி கொட்டகையில் என் பக்கத்தில் ஏழாவதாக நின்றாள். தினமும் நான் ரோக்கு, அவள் சிச்சி. வாரம் கிடைக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பாள், யார் மூலமாவது கிராஞ்சிக்குக் கொடுத்தனுப்ப. ஏழாவது வாரம் அப்துல் அலீம் நடந்தே வந்து படியேறினார். காய்ச்சல் வந்து நான்கு நாள் கிடந்தாளாம். அங்கேயே புதைத்துவிட்டார்களாம். அந்த மனிதர் எங்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். முத்தாயி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள். வராவிட்டால் பட்டை போய்விடும். வரிசையில் நின்று சிச்சி என்றாள். மத்தியானம் இருவரும் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். கொட்டகையில் மற்றவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். அவளாகவே பேசினாள்.

"நான் வெரல்ல சொல்லிக்குடுத்திருக்கக் கூடாது தங்கம். ஒன் வழியே நல்லா இருந்துச்சு. நான்தான் பேராசைப்பட்டுக் கெடுத்துட்டேன். எல்லாரையும் மாதிரி மக்குன்னு விட்டிருந்தா உசுரோட இருந்திருப்பா."

நான் அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்லி நல்ல பெயர் வாங்குவதற்காகப் பேசவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொன்னேன். இடம் மாறி நின்றதைச் சொன்னேன். என் வாய் தவறியதைச் சொன்னேன். பேசாமல் நின்றதையும், அன்று சாயங்காலம் பொய் சொன்னதையும் சொன்னேன். கெட்ட வார்த்தையால் திட்டுவாள், ஊசியை எடுத்துக் குத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குத்தினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

அவள் கத்தவில்லை. தான் கேட்டது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறவள் போல நிதானமாகக் கேட்டாள்.

"மொத தடவ ரோக்குன்னா சொன்னா?"

"ஆமா."

"நீ இடிக்காமலா?"

"யாரும் இடிக்கல."

"சத்தமாவா சொன்னா?"

"சத்தமா. அந்தக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

முத்தாயியின் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, அவள் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த கணக்கு பலித்த முகம் அது. குழாயடியில் பார்த்த அதே சந்தோஷம் ஒரு நொடி வந்துபோனது. அதைப் பார்ப்பதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். பிறகு அவள் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"லாரி ஏறுறதுக்கு முன்னாடி ஒன்கிட்ட வந்து நின்னாளே. அவ சரியாத்தான் சொன்னான்னு அவகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல" என்றேன்.